ஜன்னல் மாறினால் அலமாரி போய்விடுமா?

போன வாரம் பாங்கிக் கணக்கில் வாரிசு நியமிப்பது பற்றி எழுதினேன். "இந்த மாதிரி விஷயங்களையே எழுதுங்கள், சமையல் குறிப்பு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கிறது" என்று பல சகோதரிகள் கடிதம் போட்டிருக்கிறார்கள். சந்தோஷம். இந்த வாரம் எதை எழுதுவது என்று நான் யோசிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. விஷயம் தானாகவே வந்து வாசல் மணியை அடித்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். ரசத்துக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன். மணி விடாமல் அடித்தது. கதவைத் திறந்தால் என் நாத்தனார்! ஒரு கையில் லாப்டாப், இன்னொரு கையில் அதன் ஒயர், வலது காலில் அவள் செருப்பு, இடது காலில் அவள் பெண்ணின் செருப்பு.

"அண்ணி, என் பிழைப்பே போச்சு!" என்றாள்.

என் நாத்தனாரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆவக்காய் பூசணம் பிடிக்காமலிருக்க வழி சொன்னேனே, அது அவள் கைப்பக்குவம்தான். சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் என்று ஒன்பது வருஷமாக வீட்டிலேயே செய்து வெளியூர்களுக்கு அனுப்பி வருகிறாள். ஒரு கம்பெனிக்கு வருஷச் சந்தா கட்டி, தன் கடைப் பெயரிலேயே இணையத்தில் ஓர் இடமும், அதே பெயரில் முடிகிற ஒரு மின்னஞ்சல் விலாசமும் வைத்திருக்கிறாள். ஆர்டர்கள் எல்லாம் அதில்தான் வரும்.

"முதலில் உட்கார். என்ன ஆச்சு?"

"என் தபால் பக்கத்தையே காணோம், அண்ணி. ராத்திரி பார்த்தேன், இருந்தது. காலையில் திறந்தால் வேறு ஏதோ ஒரு பக்கம் வந்து நிற்கிறது. ஒன்பது வருஷத்துக் கடிதமும் போச்சு! ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில் போட முந்நூறு பாட்டில் புளிக்காய்ச்சல் கேட்டிருக்கிறார்கள். எந்த மண்டபம், யார் வாங்கிக்கொள்வார்கள், எல்லாம் அந்தக் கடிதத்தில்தான் இருக்கு!"

"பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தாயா?"

"நன்றாகச் சொன்னீங்க! எவனோ திருடன் வைத்த பக்கமாக இருந்தால்? போடவே இல்லை."

பதற்றத்திலும் அவள் செய்த இந்த ஒரு காரியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதன் அருமை பின்னால் தெரியும்.

என் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். அன்று வீட்டிலிருந்தே வேலை. அத்தையின் குரல் கேட்டு எழுந்து வந்தான். லாப்டாப்பைத் திறந்து, பக்கத்தின் உச்சியில் இருக்கும் விலாசக் கட்டத்தை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தான்.

"விலாசம் உங்களுடையதுதான் அத்தை. எதற்கும் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவோம்."

கேட்டான். விஷயம் இதுதான். கம்பெனிக்காரர்கள் திங்கள் இரவு பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதிய பக்கத்தை வைத்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்பே அறிவிப்பும் அனுப்பியிருக்கிறார்கள். ஏதோ விளம்பரம் என்று நினைத்து இவள் அதைப் பிரிக்கவே இல்லை!

பிறகு பாஸ்வேர்டு போட்டாள். பக்கம் திறந்தது. கடிதங்கள் எல்லாம் வரிசையாக, ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. அவள் கல்யாணக் கடிதத்தைத்தான் முதலில் தேடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் தேடியது வேறொன்று. பூனாவில் ஒரு பாட்டி அம்மாள் மாதா மாதம் பொடி வாங்குவார். ஒவ்வோர் ஆர்டருடனும் நாலு வரி வீட்டுச் சமாசாரமும் எழுதுவார். போன வருஷம் காலமாகிவிட்டார். அந்தக் கடிதங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் நாத்தனார் மூச்சு விட்டாள். அப்புறம்தான் கோயமுத்தூர்.

"எல்லாம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே விலாசப் புத்தகத்தைத் திறந்தாள். அது வெறுமையாக இருந்தது. நூற்று நாற்பது வாடிக்கைக்காரர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

"இதென்னடா கூத்து? கடிதம் இருக்கு, விலாசம் மட்டும் எங்கே போச்சு?" என்று நானே கேட்டேன். அவன் சொன்ன பதிலைத்தான், அடுப்படியில் நின்று நான் புரிந்துகொண்ட அளவில், உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

*

அலமாரி வேறு, ஜன்னல் வேறு

நம் மின்னஞ்சல்கள் நம் லாப்டாப்பில் இருப்பதில்லை. எங்கோ ஓர் ஊரில், சர்வர் என்று சொல்லப்படும் கம்ப்யூட்டரில், நம் பெயர் எழுதிய ஓர் அலமாரியில் இருக்கின்றன. அந்த அலமாரியைப் பார்க்க நமக்கு ஒரு ஜன்னல் வேண்டும். பிரவுசரில் திறந்து பார்க்கும்படி அமைந்த ஜன்னலுக்குத்தான் வெப்மெயில் என்று பெயர்.

ஜன்னலும் அலமாரியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பாஷை உண்டு. அதற்கு ஐமாப் என்று பெயர். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் மார்க் கிரிஸ்பின் என்பவர் 1986-இல் அதை வகுத்தார். அதற்கு முந்தைய பாப் என்ற முறை, தபால்காரர் கடிதத்தை வீட்டில் கொண்டு வந்து போட்டுவிட்டுப் போகிற மாதிரி. பெரும்பாலும் கடிதம் வீட்டுக்கு வந்துவிடும். தபாலாபீஸில் நகல் இராது. வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டால் கடிதமும் போச்சு. ஐமாப் முறையில் கடிதம் அலமாரியிலேயே நிற்கிறது. லாப்டாப்பில் படித்த கடிதம் போனிலும் 'படித்தது' என்று தெரிவது இதனால்தான்.

ஆகவே ஐமாப் பாஷை தெரிந்த எந்த ஜன்னலும் அதே அலமாரியைக் காட்டும். பழைய ஜன்னலைப் பெயர்த்துவிட்டுப் புதிய ஜன்னல் வைத்தாலும் உள்ளே அடுக்கியிருக்கும் புடவைக்கு ஒன்றும் ஆகாது அல்லவா? நாத்தனாரின் ஒன்பது வருஷக் கடிதங்கள் பிழைத்தது இப்படித்தான்.

ஆனால் விலாசப் புத்தகம்? கடிதங்களைப் பற்றி மட்டுமே ஐமாப் பேசும். விலாசங்களை ஒவ்வொரு வெப்மெயிலும் தன் தன் சொந்த டிராயரில் வைத்துக்கொள்கிறது. ஜன்னலோடு சேர்ந்து அந்த டிராயரும் போய்விட்டது!

*

அணில் தபால்

நாத்தனாரின் பழைய ஜன்னலுக்கு ஸ்குவிரல்மெயில் என்று பெயர். ஸ்குவிரல் என்றால் அணில். 1999-இல் நேதன் எரெஸ்மன், லூக் எரெஸ்மன் என்ற இருவர் அதைத் தொடங்கினார்கள். அலங்காரம் எதுவும் கிடையாது. பழைய கம்ப்யூட்டரிலும், ஆமை வேக இணைப்பிலும் ஓடும்படியாக மிகச் சாதாரணமாக அமைத்தார்கள். அதனாலேயே அதற்கு உலகமெங்கும் மவுசு இருந்தது.

இதற்கு விலை கிடையாது. அதைவிட முக்கியம், அதன் செய்முறை முழுவதையும் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதைத்தான் ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். ஹோட்டல் சாம்பாரைச் சாப்பிடலாமே தவிர, சரக்கு மாஸ்டரிடம் செய்முறை கேட்டால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். இங்கேயோ சாம்பாரோடு செய்முறைச் சீட்டையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு தர்ம சாசனமும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், மென்பொருள் எல்லோருக்கும் சுதந்திரமாகக் கிடைக்க வேண்டும் என்று 1983-இல் ஓர் இயக்கம் தொடங்கினார். 1989-இல் ஜி.பி.எல். என்ற உரிமப் பத்திரத்தை எழுதினார். அதன் சாரம் இவ்வளவுதான்: எடுத்துக்கொள், மாற்றிக்கொள், ஆனால் நீ மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால், உன் செய்முறையையும் அதே மாதிரி கொடுத்துவிடு. அணில் தபாலும் இந்தச் சாசனத்தின் கீழ் வந்ததுதான்.

நாத்தனாருக்கு இது ரசிக்கவில்லை.

"செய்முறையைக் கொடுத்துவிட்டால் அப்புறம் யார் என் பொடியை வாங்குவார்கள்? பைத்தியக்காரத்தனம்!"

"ஏன் அத்தை, சாம்பார்ப் பொடி செய்முறை இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? இருந்தும் உங்களிடம்தானே வாங்குகிறார்கள்? மிளகாய் காய வைத்து, வறுத்து, அரைத்து, பாட்டிலில் அடைத்து, நாள் தவறாமல் அனுப்புகிறீங்களே, அதற்குத்தானே காசு? உங்கள் கம்பெனியும் அப்படித்தான். ஜன்னலுக்குக் காசு வாங்கவில்லை. அலமாரிக்கும், காவலுக்கும், போனை எடுத்துப் பதில் சொல்வதற்கும் வாங்குகிறார்கள்."

அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை. எனக்கோ வேறு ஒன்று தோன்றியது. ராமர் பாலம் கட்டினபோது மணலில் புரண்டு புரண்டு போய் உதறிவிட்டு வந்ததாம் ஓர் அணில். உலகத்தின் மூலை முடுக்குகளிலிருந்து ஒருவர் ஒரு பிழையைத் திருத்துகிறார், இன்னொருவர் தன் பாஷையில் மொழிபெயர்த்துத் தருகிறார், மூன்றாமவர் 'இந்த இடத்தில் இடறுகிறது' என்று சுட்டிக்காட்டுகிறார். அணில் என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்!

ஆனால் அணிலுக்கும் வயதாகும். ஸ்குவிரல்மெயிலின் கடைசி முறையான பதிப்பு 2011-இல் வெளிவந்தது. பிறகு சில்லறை ரிப்பேர்தான். கம்பெனிக்காரர்கள் ஜன்னலை மாற்றியது தப்பில்லை. இன்னும் முன்பே மாற்றியிருக்கலாம்.

*

உருண்டையான சதுரம்

புதிய ஜன்னலின் பெயர் ரவுண்ட்கியூப். உருண்டையான கனசதுரம் என்று அர்த்தம். அதெப்படி உருண்டையாகவும் சதுரமாகவும் இருக்கும் என்று கேட்காதீர்கள். என் முதல் மைசூர்பாகைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

2005-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தாமஸ் புரூடர்லி என்பவர் இதை ஆரம்பித்தார். அந்த நாளில் வெப்மெயிலில் எதைத் தொட்டாலும் பக்கம் முழுவதும் அழிந்து மறுபடி வரும். ஒரு கடிதத்தை அழிக்க ஒரு தரம், அடுத்ததைத் திறக்க ஒரு தரம் என்று காத்திருக்க வேண்டும். ரவுண்ட்கியூபில் வேண்டிய பகுதி மட்டும் மாறும். கடிதத்தை விரலால் பிடித்து இழுத்து வேறு உறைக்குள் போடுவதுபோல் போடலாம். இன்று இதெல்லாம் சாதாரணம். அன்று இலவசமாகக் கிடைத்த ஒரு ஜன்னலில் இது ஆச்சரியமாகவே இருந்தது.

'1.0' என்ற எண்ணைப் போட்டுக்கொள்ளும் தைரியம் அவர்களுக்கு 2014 ஏப்ரலில்தான் வந்தது. ஒன்பது வருஷம்! நம் நாத்தனாரின் வியாபாரத்துக்கு ஆகிற வயது. போலந்துக்காரரான அலெக்ஸாண்டர் மாக்னியாக் என்பவர் பல வருஷங்களாக அதன் பெரும் பாரத்தைச் சுமந்து வருகிறார்.

"சரி, நாம்தான் ஹாட்மெயில், ஜிமெயில் எல்லாம் வைத்திருக்கிறோமே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

பிரவுசரில் தபால் பார்ப்பதை ஊரறியச் செய்தது ஹாட்மெயில்தான். பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும், ஜாக் ஸ்மித் என்ற அமெரிக்கரும் 1996 ஜூலை 4-ஆம் தேதி அதைத் திறந்தார்கள். 1997 முடிவதற்குள் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிவிட்டது. 2004 ஏப்ரல் முதல் தேதி ஜிமெயில் வந்தது. சௌகரியத்தில் இவற்றைக் குறை சொல்ல முடியாது. நானே ஜிமெயில்தான் வைத்திருக்கிறேன். வேறு ஜன்னலிலிருந்து பார்க்க அவர்களும் ஐமாப் வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே ஜன்னல், அலமாரி, உங்கள் விலாசத்தின் கடைசிப் பாதி, எல்லாம் ஒரே முதலாளியுடையது. இன்னோர் இடத்துக்குக் குடிபோனால் விலாசத்தைக் கூட எடுத்துப் போக முடியாது.

நாத்தனார் கதை வேறு. விலாசம் அவள் கடைப் பெயரில் இருக்கிறது. இந்தக் கம்பெனி பிடிக்காவிட்டால் கடிதங்களை எடுத்துக்கொண்டு இன்னொரு கம்பெனிக்குப் போகலாம். வாடிக்கைக்காரர்களுக்கு அவள் விலாசம் மாறவே மாறாது. அங்கேயும் அநேகமாக இதே ரவுண்ட்கியூப் ஜன்னல்தான் அவளை வரவேற்கும். அவ்வளவு கம்பெனிகள் அதை வைத்திருக்கின்றன. வாடகை வீடானாலும் தட்டுமுட்டுச் சாமான் நம்முடையது என்பது போல!

*

ஊர்க் கிணற்றைத் தூர் வாருவது யார்?

இதுவரை எல்லாம் நல்ல சேதி. இனி மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

2015-இல் ரவுண்ட்கியூபை அடியோடு புதிதாகக் கட்டப்போகிறோம் என்று ஜனங்களிடம் நன்கொடை கேட்டார்கள். கேட்டது 80,000 டாலர். வந்தது ஒரு லட்சம் டாலருக்கும் மேல். ஜனங்களுக்கு அவ்வளவு அபிமானம். ஆனால் அந்தப் புது வீடு கட்டி முடியவே இல்லை. கொடுத்தவர்களுக்கு வருத்தம் இருந்தது, நியாயம்தான். ஆனாலும் பழைய வீட்டுக்கு வெள்ளையடித்து, ஓடு மாற்றி, நடத்தி வந்தவர்கள் கையை விட்டுவிடவில்லை. 2023 நவம்பரில் ஜெர்மனியைச் சேர்ந்த நெக்ஸ்ட்கிளவுட் என்ற நிறுவனம் ரவுண்ட்கியூபைத் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டது.

அதே 2023 அக்டோபரில் இன்னொரு விஷயம் வெளியாயிற்று. ரவுண்ட்கியூப் ஜன்னலில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்த ஒரு கூட்டம், ஐரோப்பிய அரசாங்கக் காரியாலயங்களின் கடிதங்களைத் திருடிக்கொண்டிருந்தது. ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதைக் கண்டுபிடித்தது. பயங்கரம் என்னவென்றால், கடிதத்தில் உள்ள எதையும் அழுத்த வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தைத் திறந்து பார்த்தாலே போதும்! சொன்ன சில நாட்களுக்குள் ரவுண்ட்கியூப்காரர்கள் ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பை வெளியிட்டார்கள்.

2025 ஜூன் முதல் தேதி இன்னொன்று. பத்து வருஷத்துக்கு மேலாக உள்ளேயே உறங்கிக்கொண்டிருந்த ஓர் ஓட்டைக்குத் தைத்த 1.6.11, 1.5.10 என்ற பதிப்புகள் வெளிவந்தன. யாராவது ஒருவருடைய பாஸ்வேர்டு திருடன் கையில் கிடைத்துவிட்டால், அவன் அந்த ஒரு அலமாரியோடு நிற்காமல் சர்வர் முழுவதையுமே பிடித்துக்கொள்ளக் கூடிய ஓட்டை அது. மருந்து வந்து ஒரு வாரம் ஆன பின்னும் உலகத்தில் சுமார் 84,000 இடங்களில் அதைப் போட்டுக்கொள்ளாமல் இருந்தார்கள் என்று ஷேடோசர்வர் என்ற கண்காணிப்பு அமைப்பு கணக்கெடுத்துச் சொல்லிற்று.

இதைக் கேட்டதும் என் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டா, செய்முறை எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்று இப்போதுதானே பெருமையாகச் சொன்னாய்? பத்து வருஷமாக ஒருத்தருமா பார்க்கவில்லை?"

என் பிள்ளை தலையைச் சொறிந்தான். எனக்கு எங்கள் ஊர்க் கிணறு நினைவுக்கு வந்தது. ஊர் முழுவதும் அதில்தான் தண்ணீர் எடுக்கும். பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். ஆனால் தூர் வாருகிற நாள் வந்தால், 'அவர் செய்வார்' என்று இவரும், 'இவர் செய்வார்' என்று அவரும் இருந்துவிடுவார்கள். கடைசியில் இரண்டே பேர் இறங்குவார்கள். எல்லோரும் பார்க்கலாம் என்பதனால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஆகிவிடாது. ஓப்பன் சோர்ஸுக்கும் அதே கதைதான்.

மூடிய கிணறானால் மட்டும் தூர் சேராதா என்றால், சேரும். நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இங்கே ஓட்டை இருக்கிறது என்பதும், எந்தத் தேதியில் அடைத்தார்கள் என்பதும், எந்த எண்ணில் அடைத்தார்கள் என்பதும் பகிரங்கம். ஆகவே நாம் கேள்வி கேட்கலாம். அந்த உரிமையை நாம் உபயோகிக்கிறோமா என்பதுதான் விஷயம். புதுப் பூட்டைச் செய்து தெருமுனையில் வைத்துவிட்டார்கள். எடுத்து வந்து மாட்டுவது நம் கம்பெனிக்காரர் வேலை. மாட்டினாரா என்று கேட்பது நம் வேலை.

*

நாம் செய்ய வேண்டியது

சொந்தப் பெயரில் விலாசம் வைத்துச் சிறு வியாபாரம் செய்கிற சகோதரிகளுக்காக, என் பிள்ளை சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது: பக்கம் திடீரென்று மாறியிருந்தால் உடனே பாஸ்வேர்டு போடாதீர்கள். ஜன்னலின் செய்முறை பகிரங்கம் என்பதால் திருடனும் அச்சாக அதே மாதிரி ஒரு போலி ஜன்னல் செய்துவிடலாம். தோற்றத்தை நம்பாமல் விலாசக் கட்டத்தைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். 'உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே அழுத்துங்கள்' என்று வருகிற கடிதத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். நாத்தனார் அன்று காலை பாஸ்வேர்டு போடாமல் ஓடி வந்தாளே, அதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது: உங்கள் ஜன்னலின் பெயரும் பதிப்பு எண்ணும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரவுண்ட்கியூபாக இருந்தால் 'அபவுட்' என்ற இடத்தை அழுத்தினால் பெரும்பாலும் தெரியும். தெரியாவிட்டால் கம்பெனியைக் கேளுங்கள். "கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்?" என்றும் கேளுங்கள். பால்காரரிடம் "இன்றைய பாலா?" என்று கேட்க நாம் கூச்சப்படுகிறோமா?

மூன்றாவது: மாதம் ஒரு முறை விலாசப் புத்தகத்தை 'எக்ஸ்போர்ட்' செய்து லாப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வி-கார்டு என்ற வடிவத்தில் ஒரு ஃபைல் கிடைக்கும். எந்த ஜன்னலுக்குப் போனாலும் அநேகமாக அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

நான்காவது: கடிதங்களுக்கும் ஒரு நகல் வேண்டும். தண்டர்பேர்டு என்ற மென்பொருள் இருக்கிறது. இதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், இலவசம்தான். லாப்டாப்பில் அதைப் போட்டு, 'லோக்கல் ஃபோல்டர்' என்ற பகுதிக்கு முக்கியமான கடிதங்களை நகல் எடுத்துவிட்டால், சர்வரில் அழிந்தாலும் வீட்டில் நிற்கும்.

ஐந்தாவது: தபாலுக்கு வைத்த பாஸ்வேர்டை வேறு எங்கும் வைக்காதீர்கள். நாத்தனார் எட்டு இடங்களில் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தாள். என்ன பாஸ்வேர்டு என்று சொன்னால் சண்டைக்கு வருவாள்; சொல்ல மாட்டேன்.

*

அன்று பகல் சாப்பாட்டுக்கு ரசம் கிடையாது. அது எப்போதோ பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. மோர் சாதமும் நாத்தனாரின் எலுமிச்சை ஊறுகாயும்தான்.

சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். ரவுண்ட்கியூபில் ஒரு கடிதத்தைத் திறந்தால், அனுப்பியவர் பெயர் அருகில் ஒரு சிறு குறி இருக்கிறது. அதை அழுத்தினால் அவர் விலாசம் புத்தகத்தில் ஏறிவிடும். ஒன்பது வருஷக் கடிதங்களைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொருவராக ஏற்றினோம். நடு நடுவே, "இவர்தான் பாட்டில் உடைந்ததற்குப் பணம் வேண்டாம் என்றவர்", "இவள் பிரசவத்துக்கு அங்காயப் பொடி அனுப்பினேன்" என்று நாத்தனார் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். வெறும் விலாசங்கள் என்று நான் நினைத்தது தப்பு. பூனா பாட்டி அம்மாளின் விலாசம் வந்தபோது ஒரு நிமிஷம் நிறுத்தினாள். பிறகு அதையும் ஏற்றினாள்.

இரவு ஒன்பது மணிக்கு நூற்றுப் பதினெட்டு பேர் சேர்ந்தார்கள். மிச்சம் இருபத்திரண்டு பேர், அவள் போனில் பிடிக்க வேண்டியவர்கள். பழைய டிராயரைத் தேடித் தருவதாகக் கம்பெனிக்காரர் சொல்லியிருக்கிறார். இதை எழுதுகிற வரையில் வரவில்லை.

முந்நூறு பாட்டிலும் வெள்ளிக்கிழமை இரவே கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டன. போகிற போக்கில் எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். கையில் புதிதாக ஒரு நீள நோட்டுப் புத்தகம்.

"இது எதற்கடீ?"

"வி-கார்டும் வைத்திருக்கிறேன் அண்ணி. இருந்தாலும் நூற்று நாற்பது பேரையும் பேனாவாலும் எழுதி வைக்கப் போகிறேன்" என்றாள்.

என் பிள்ளை சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த நோட்டுக்கு அட்டை போடப் பழைய காலண்டர் தாள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டுத் தபால் ஜன்னலுக்கு என்ன பெயர்? இன்றே ஒரு தரம் பார்த்து வையுங்கள். வழக்கம்போல் எனக்கும் எழுதுங்கள். அடுத்த வாரம், போனில் பாங்கி ஆபீசர் மாதிரிப் பேசுகிறவர்களிடம் என் எதிர் வீட்டு மாமி நடத்திய சம்பாஷணையைச் சொல்கிறேன்.